மருத்துவமனையில் உடன் தங்கப்போகிறவர்களுக்கு: நோயாளிக்குப் புதுத் தொற்று வராமல் பார்த்துக்கொள்வது எப்படி

அப்பா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். நான்காம் நாள் இரவு உடம்பெல்லாம் உதறிக் காய்ச்சல் வந்தது. சிறுநீர் வெளியேறப் பொருத்தியிருந்த குழாய் வழியாக ஏறிய கிருமி. நாங்கள் வீடு திரும்பியது பதினான்காம் நாள். கூடுதலாகத் தங்கிய அந்த ஒன்பது நாள்களுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் செலவானது. அதைவிட, எழுந்து நடக்கப் பழக வேண்டிய நாள்களில் அவர் படுக்கையிலேயே கிடந்து துவண்டுபோனதுதான் இன்னும் மனத்தை அறுக்கிறது.

அந்தக் குழாயை இரண்டாம் நாளே எடுத்திருக்கலாம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். காலை ஷிப்டில் இருந்தவர்கள் மாலையில் எடுப்பார்கள் என்று நினைத்தார்கள், மாலையில் இருந்தவர்கள் டாக்டர் சொல்லட்டும் என்று விட்டார்கள். நானும் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மருத்துவமனையில் சேர்ந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு புதிதாகத் தலைகாட்டும் தொற்றைப் பொதுவாக மருத்துவமனைத் தொற்று என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வளர்ந்த நாடுகளின் மருத்துவமனைகளில் 100 நோயாளிகளில் 7 பேருக்கும், நம்மைப் போன்ற நாடுகளில் 15 பேருக்கும் இது வருகிறது. எல்லாவற்றையும் உடன் இருப்பவர் தடுத்துவிட முடியாது. ஆனால் இருபத்துநான்கு மணி நேரமும் கட்டிலருகே இருப்பவர் நீங்கள் ஒருவர்தான்.

1. சேர்ப்பதற்கு முன்பே செய்ய வேண்டியவை

விபத்து, மாரடைப்பு என்று ஓடும்போது இதற்கெல்லாம் நேரமிருக்காது. நாள் குறித்துச் செய்யும் அறுவைச் சிகிச்சை என்றால் ஒரு வாரம் கையில் இருக்கும். அதை வீணாக்காதீர்கள்.

நோயாளிக்குச் சர்க்கரை நோய் இருந்தால் முதல் வேலை அதைக் கட்டுக்குள் கொண்டுவருவதுதான். அறுவையின்போதும் அதன் பிறகும் ரத்தச் சர்க்கரை 200ஐத் தாண்டாமல் வைத்திருக்க மருத்துவர்கள் முயல்வார்கள். சர்க்கரை ஏறிய உடம்பில் காயம் ஆறாது, கிருமிக்குக் கொண்டாட்டம். புகைப்பவர் என்றால் நான்கு வாரங்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்லுங்கள். பல் சொத்தை, கால் விரலிடுக்கில் புண், சிறுநீர் எரிச்சல் எது இருந்தாலும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். "இதைச் சொன்னால் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிடுவார்கள்" என்று பலர் மறைக்கிறார்கள். தள்ளிப்போட வேண்டியிருந்தால் தள்ளிப்போடுவதுதான் நல்லது.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இங்கே தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு இருக்கிறதா? தொற்றுக் கட்டுப்பாட்டுக்கென்று தனியாக நர்ஸ் இருக்கிறாரா? மருத்துவமனைகளின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எச்.சின் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில் இவை இருந்தாக வேண்டும். சான்றிதழ் வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருக்கும், அதில் எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். அரசு மருத்துவமனை என்றால் தூய்மைக்காக மத்திய அரசு தரும் காயகல்ப் விருது வாங்கியிருக்கிறதா என்று விசாரிக்கலாம். சான்றிதழைவிட நான் நம்புவது ஒன்று உண்டு. பார்வை நேரத்தில் வார்டுக்குப் போய்க் கை கழுவும் தொட்டியைப் பாருங்கள். தண்ணீர் வருகிறதா, சோப்பு இருக்கிறதா, கட்டிலருகே சேனிடைசர் பாட்டில் நிரம்பியிருக்கிறதா என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

2. பையில் என்னென்ன இருக்க வேண்டும்

அரை லிட்டர் சேனிடைசர், சோப்பு, ஒரு பெட்டி கையுறை, முகக்கவசம், ஈரத் துடைப்பான், புதிய பல் துலக்கி, நோயாளிக்கென்று தனியாக டம்ளர், துண்டு, தெர்மாமீட்டர். சேனிடைசர் வாங்கும்போது ஆல்கஹால் 60 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள்.

இவற்றோடு ஒரு நாற்பது பக்க நோட்டு. அதுதான் பையிலேயே விலை உயர்ந்த பொருள். எந்தக் குழாய் எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் போட்டார்கள், காய்ச்சல் எவ்வளவு, என்ன ஊசி, யார் என்ன சொன்னார்கள் என்று எழுதிக்கொண்டே வாருங்கள்.

ஆவணங்கள் தனி உறையில்: பழைய மருந்துச் சீட்டுகள், ஒவ்வாமை ஏதாவது இருந்தால் அதன் குறிப்பு, ஆதார், காப்பீட்டு அட்டை அல்லது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை. கடந்த ஓராண்டுக்குள் வேறு மருத்துவமனையில் தங்கியிருந்தால் அந்த டிஸ்சார்ஜ் சம்மரியும் கல்ச்சர் ரிப்போர்ட்டும் (எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று சொல்லும் சோதனை அறிக்கை) கட்டாயம் வேண்டும். மருந்துக்கு அடங்காத கிருமி முன்பே உடம்பில் இருந்திருந்தால், புது டாக்டர் அதற்கேற்ற மருந்தை முதல் நாளே தொடங்க அது உதவும்.

3. கை

கிருமி பெரும்பாலும் கை வழியாகவே கட்டில் விட்டுக் கட்டில் போகிறது. சேனிடைசர் என்றால் 20 முதல் 30 நொடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 நொடி. விரல் நுனி, கட்டைவிரல், விரலிடுக்கு, இந்த மூன்று இடங்களைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். மோதிரத்தையும் வளையலையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

எப்போது? நோயாளியைத் தொடுமுன், தொட்ட பின், உணவு ஊட்டுமுன், சிறுநீர், மலம், சளி எதையாவது தொட்ட பின், கட்டில் கம்பி, மேசை, டிரிப்ஸ் ஸ்டாண்டு தொட்ட பின். கைப்பேசியை மறந்துவிடாதீர்கள். கழிப்பறை வரை கொண்டுபோய், அதே கைப்பேசியை நோயாளியின் காதில் வைக்கிறோம்.

வார்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு என்றால் சேனிடைசரை மட்டும் நம்பாதீர்கள். அதை உண்டாக்கும் சில கிருமிகள் ஆல்கஹாலுக்குச் சாவதில்லை. சோப்புப் போட்டுக் கழுவினால்தான் போகும்.

இனி, எல்லோரும் தயங்கும் விஷயம். நர்ஸோ டாக்டரோ கை சுத்தம் செய்யாமல் தொட வந்தால் கேட்கலாமா? கேட்கலாம். எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் கற்றுக்கொண்ட வழி, சேனிடைசர் பாட்டிலைக் கையில் எடுத்து நானும் தேய்த்துக்கொண்டு, "சிஸ்டர், நீங்களும் கொஞ்சம் போட்டுக்கொள்கிறீர்களா? அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது" என்று நீட்டுவது. பதினான்கு நாளில் ஒருவர்கூடக் கோபப்படவில்லை. இரவில் ஒரே நர்ஸ் இருபது கட்டில்களைப் பார்க்கிறார். குற்றம் சொல்லும் குரலில் கேட்டால் அவரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார், உங்களுக்கும் அடுத்த கேள்வி கேட்க வாய் வராது.

இங்கே எல்லோரும் ஏமாறும் ஓர் இடம் உண்டு. கையுறை போட்டிருக்கிறார், ஆகவே சுத்தம் என்று நினைத்துவிடுவோம். பக்கத்துக் கட்டிலில் போட்ட அதே கையுறையோடு உங்கள் கட்டிலுக்கு வந்தால், வெறுங்கையால் தொடுவதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் புதுக் கையுறை, கழற்றிய பிறகும் கை சுத்தம். நீங்கள் டயாபர் மாற்றும்போதும் இதே விதிதான்.

4. அறுவைச் சிகிச்சை நாள்

முந்தைய இரவோ அன்று காலையோ சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுங்கள். அறுவை நடக்கும் இடத்தில் முடியை நீங்களாக ரேசர் பிளேடால் மழிக்காதீர்கள், ஆள் வைத்தும் மழிக்க விடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி குடியேறும். முடி எடுத்தே ஆக வேண்டும் என்றால் கிளிப்பர் கருவியால் வெட்டச் சொல்லிக் கேளுங்கள்.

காயத்தில் தொற்று வராமலிருக்க முன்கூட்டியே ஆன்டிபயாடிக் ஊசி தேவைப்படும் அறுவை என்றால், கத்தி வைப்பதற்கு முன் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் அதைப் போடுவார்கள். சில மருந்துகளுக்கு இரண்டு மணி நேரம். வார்டிலேயே காலை ஆறு மணிக்குப் போட்டுவிட்டு, தியேட்டர் காலியாகாமல் பதினோரு மணிக்கு அழைத்துப்போனால் அந்த ஊசியின் பயன் குறைந்துவிடும். நேரத்தை நோட்டில் எழுதிவைத்து, அழைத்துப்போகும்போது மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

5. உடம்பில் இருக்கும் ஒவ்வொரு குழாயும்

நேரமில்லாதவர்கள் இந்த ஒரு பகுதியையாவது முழுதாகப் படியுங்கள். தோல் என்பது கோட்டைச் சுவர். ஒவ்வொரு குழாயும் அந்தச் சுவரில் நாமே திறந்துவைக்கும் வாசல். தேவை முடிந்த அன்றே அதை மூட வேண்டும். தினமும் காலை ரவுண்ட்ஸ் வரும்போது டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: "டாக்டர், இந்தக் குழாய் இன்றைக்கும் தேவையா?" ஒவ்வொரு குழாயையும் காட்டித் தனித்தனியாகக் கேளுங்கள். தேவை என்றால் ஏன் என்று சொல்வார். தேவையில்லை என்றால் அப்போதே எடுக்கச் சொல்லிக் கேஸ் ஷீட்டில் எழுதுவார். வாயால் சொன்னது ஷிப்ட் மாறும்போது மறந்துபோகும், கேஸ் ஷீட்டில் ஏறியதுதான் நடக்கும்.

சிறுநீர்க் குழாய். அறுவைக்காகப் போட்டது என்றால் பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாள், இரண்டு நாளில் எடுத்துவிடலாம். உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்று அபாயம் கூடிக்கொண்டே போகிறது. "ராத்திரி எழுப்ப வேண்டாமே, குழாய் இருந்தால் வசதிதானே" என்று வீட்டார் நாமே சொல்வதுண்டு. அந்த வசதிக்கு நாங்கள் கொடுத்த விலையை மேலே எழுதியிருக்கிறேன்.

சிறுநீர் சேரும் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையில் படக்கூடாது. குழாய் மடங்கக்கூடாது. எக்ஸ்ரேவுக்கு ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனபோது, பை சக்கரத்தில் மாட்டிவிடுமோ என்று நானே அதை எடுத்து அப்பாவின் தொடைமேல் வைத்தேன். பையில் இருந்த மஞ்சள் நீர் குழாய்க்குள் மெல்லப் பின்னோக்கி நகர்ந்து அவர் உடம்புக்குள் போவதைக் கண்ணெதிரே பார்த்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. நகர்த்துமுன் பையைக் காலி செய்யச் சொல்லுங்கள், பிறகு ஸ்ட்ரெச்சரின் பக்கக் கம்பியில், படுக்கை மட்டத்துக்குக் கீழே மாட்டுங்கள்.

பை மூன்றில் இரண்டு பங்கு நிரம்புமுன் காலி செய்ய வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் தனி ஜாடி, அதன் விளிம்பில் பையின் வாய் படக்கூடாது. ஒரே ஜாடியைத் தூக்கிக்கொண்டு வரிசையாக எல்லாக் கட்டிலுக்கும் போனால் தடுத்துவிடுங்கள். குழாயையும் பையையும் இணைக்கும் இடத்தை எந்தக் காரணத்துக்காகவும் கழற்றாதீர்கள். குழாய் வெளிவரும் இடத்தைத் தினமும் சோப்புத் தண்ணீரால் கழுவினால் போதும்.

கையில் இருக்கும் ஊசிக் குழாய். நம் ஊரில் வென்ஃப்ளான் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். போட்ட உடனே பிளாஸ்திரியின் மேல் தேதியும் நேரமும் எழுதச் சொல்லுங்கள். அப்பாவின் மணிக்கட்டில் நீல மையில் எழுதிய தேதி வியர்வையில் கலைந்து, மூன்றா எட்டா என்று தெரியாமல் போனது. அதனால்தான் நோட்டு வேண்டும் என்கிறேன். காலையும் மாலையும் அந்த இடத்தைப் பாருங்கள். சிவப்பு, வீக்கம், தொட்டால் வலி, நரம்பு கயிறுபோல விறைப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே எடுக்கச் சொல்ல வேண்டும், நாளைக்கு என்று விடக்கூடாது. ஒன்றும் இல்லாவிட்டாலும் மூன்று, நான்கு நாள் தாண்டினால் மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். பிளாஸ்திரி நனைந்தாலும் பிரிந்தாலும் புதிது ஒட்ட வேண்டும். மருந்து ஏற்றுமுன் அதன் வாயை ஸ்பிரிட் பஞ்சால் நன்றாகத் தேய்த்து, காய்ந்த பிறகே ஏற்ற வேண்டும். ஊசியும் சிரிஞ்சும் உங்கள் கண்முன் உறை பிரித்ததாக இருக்கட்டும்.

ஐ.சி.யூ.வில் கழுத்து வழியாகப் பெரிய குழாய் போட்டிருந்தால் நீங்கள் அதைத் தொடவே வேண்டாம். தினமும் அதே கேள்வியை மட்டும் விடாமல் கேளுங்கள்.

6. நெஞ்சுச் சளியும் படுக்கைப் புண்ணும்

படுத்தே இருப்பவருக்கு நிமோனியா வர அதிக நாள் ஆகாது. டாக்டர் தடை சொல்லாவிட்டால் தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி வையுங்கள். உணவு கொடுக்கும்போதும், அதன் பிறகு குறைந்தது அரைமணி நேரமும் படுக்க விடாதீர்கள். மூக்கு வழியாகக் குழாயில் உணவு பெறுபவர்களுக்கும் இது பொருந்தும். காலையும் இரவும் பல் துலக்கிவிடுங்கள். சாப்பிடவே இல்லையே, பல் எதற்கு என்று விட்டுவிடுகிறோம். வாயில் பெருகும் கிருமிதான் நுரையீரலுக்கு இறங்குகிறது. மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவி கொடுத்திருந்தால் அதை மேசையில் அழகுக்கு வைக்காமல் மணிக்கொரு முறை அதில் மூச்சை உள்ளே இழுக்கச் சொல்லுங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். முதுகின் கீழ்ப்பகுதி, குதிகால், இடுப்பு மேடு ஆகிய இடங்களில் சிவந்திருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும்.

7. பார்க்க வருகிறவர்கள்

சளி, இருமல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு உள்ள யாரும் வர வேண்டாம். சிறு குழந்தைகளை அழைத்துவர வேண்டாம். கட்டிலில் உட்கார வேண்டாம். உறவினர் வருத்தப்படுவார்கள் என்று நினைத்தால், டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும்.

8. காய்ச்சல் வந்துவிட்டால்

காய்ச்சலோடு கவனிக்க வேண்டிய மற்ற அறிகுறிகள்: நடுக்கம், திடீர்க் குழப்பமான பேச்சு, மூச்சிரைப்பு, காயத்தில் சீழ், சிறுநீர் குறைவது. முதியவர்களுக்குச் சில நேரம் காய்ச்சலே இல்லாமல் உளறல் மட்டும் வரும். காய்ச்சல் வருவதற்கு முந்தைய இரவே அப்பா என்னைப் பார்த்து, இறந்துபோன என் பெரியப்பாவின் பெயரைச் சொல்லி அழைத்தார். தூக்கக் கலக்கம் என்று நினைத்துக் காலைவரை காத்திருந்தேன். நீங்கள் காத்திருக்காதீர்கள். டியூட்டி டாக்டரை அப்போதே எழுப்புங்கள்.

முடிந்தவரை புது ஆன்டிபயாடிக் தொடங்குமுன் கல்ச்சர் எடுத்துவிட வேண்டும். மருந்து போன பிறகு எடுத்தால் எந்தக் கிருமி என்றே தெரியாமல் போகலாம். நோயாளி மிக மோசமாக இருந்தால் மருந்துக்குத்தான் முதலிடம், கல்ச்சருக்காக அதைத் தாமதப்படுத்தக்கூடாது. சிறுநீர்க் கல்ச்சருக்குப் பையில் தேங்கியதை எடுத்து அனுப்பக்கூடாது. குழாயில் அதற்கென்று இருக்கும் இடத்தில் ஊசியால் எடுக்க வேண்டும், குழாய் பல நாள் பழையது என்றால் புதிதாக மாற்றிவிட்டு எடுக்க வேண்டும்.

ரிப்போர்ட் வர இரண்டு, மூன்று நாள் ஆகும். எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று எஸ் என்ற எழுத்தும், அடங்காததற்கு ஆர் என்ற எழுத்தும் போட்டிருப்பார்கள். அப்பாவின் ரிப்போர்ட்டில் கிளெப்சியெல்லா என்ற கிருமியும், அதன் கீழே வரிசையாக ஆர், ஆர் என்றும் இருந்தது. ரிப்போர்ட் வந்த அன்றே டாக்டரிடம் காட்டி, இப்போது போகும் மருந்து சரியானதா, எத்தனை நாள் வேண்டும், வலு குறைந்த மருந்துக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். இன்னொன்றும் உண்டு: குழாய் இருப்பவரின் சிறுநீரில் கிருமி இருப்பதாலேயே அது தொற்று ஆகிவிடாது. அறிகுறி எதுவும் இல்லை என்றால் பெரும்பாலும் மருந்து தேவைப்படாது. நாமாக வற்புறுத்தி வலுவான மருந்து போடச் சொல்லக்கூடாது.

9. பில்லும் காகிதங்களும்

ரொக்கமில்லாக் காப்பீட்டில் முதலில் கிடைப்பது குறிப்பிட்ட நாள்களுக்கும் தொகைக்குமான அனுமதி. தங்குவது நீண்டால் கூடுதல் அனுமதி கேட்டு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவு விண்ணப்பிக்க வேண்டும். அதைக் காய்ச்சல் வந்த மறுநாளே செய்யச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் அன்று ஓடாதீர்கள். காய்ச்சல் அட்டை, கல்ச்சர் ரிப்போர்ட், கூடுதல் நாள் ஏன் தேவை என்று டாக்டர் எழுதிய குறிப்பு, இந்த மூன்றும் இல்லாமல் நாங்கள் இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டோம். கையுறை, முகக்கவசம் போன்றவற்றைப் பல பாலிசிகள் தருவதில்லை, அந்தத் தொகையைக் கையில் வைத்திருங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் தொற்று வந்ததும், கிருமியின் பெயரும், போட்ட மருந்தும் எழுதியிருக்கிறதா என்று கிளம்புமுன் படியுங்கள். விடுபட்டிருந்தால் அங்கேயே சேர்க்கச் சொல்லுங்கள். முழுக் கேஸ் ஷீட் நகல் வேண்டுமென்றால் எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

குறை இருந்தால் முதலில் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸிடம் பேசுங்கள். அவர் பெயரை நான் பன்னிரண்டாம் நாள்தான் தெரிந்துகொண்டேன். பேசிய அன்று மாலையே வார்டில் ஒவ்வொரு கட்டிலுக்கும் தனி ஜாடி வந்தது. அதில் தீராவிட்டால் மருத்துவக் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கொடுக்கலாம். கட்டணம் வாங்கும் மருத்துவமனையின் கவனக்குறைவு என்று உறுதியாகத் தெரிந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். ஆனால் தொற்று வந்தாலே அது கவனக்குறைவு ஆகிவிடாது. காகிதங்களை ஒரு மருத்துவரிடம் காட்டிக் கருத்துக் கேட்ட பிறகே அதில் இறங்குங்கள்.

10. வீடு திரும்பிய பிறகு

அறுவைக் காயத்தில் தொற்று 30 நாள் வரை வரலாம். பிளேட், செயற்கை மூட்டு போல உள்ளே ஏதாவது வைத்திருந்தால் 90 நாள் வரை கவனம் தேவை. காயத்தில் மஞ்சள் தூளோ தேங்காய் எண்ணெயோ பவுடரோ போடக்கூடாது. சுற்றிலும் சிவந்து சூடாக இருப்பது, நாற்றமுள்ள நீர், தையல் பிரிவது, மறுபடி காய்ச்சல், இவற்றில் எது வந்தாலும் அறுவை செய்த டாக்டரிடமே போங்கள். மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்காதீர்கள். கொடுத்த ஆன்டிபயாடிக்கைச் சொன்ன நாள் வரை முடியுங்கள். மீதம் இருந்தால் அடுத்த காய்ச்சலுக்கு என்று டப்பாவில் போட்டு வைக்காதீர்கள்.

கல்ச்சர் ரிப்போர்ட்டைப் படமெடுத்து வீட்டில் எல்லோர் கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். அசல் தாள் கோப்பின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். அடுத்த முறை எந்த மருத்துவமனைக்குப் போனாலும், ரத்த அழுத்தம் பார்க்க நர்ஸ் வருமுன் அந்தத் தாளை எடுத்து நீட்டுங்கள்.